நாற்பதை நெருங்கும் பிட்சரை எடுக்கலாமா? கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஜனவரி மாதம். அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்று அடுத்த சீசனுக்கு ஆள் தேடுகிறது. பெரிய பெயர்களெல்லாம் டிசம்பரிலேயே விலை போய்விட்டன. அணியின் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து எறிபவர்) வரிசையில் நம்பிச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர்தான். நான்காவது ஆள் போன சீசனை முழங்கை வலியோடு முடித்தவர். ஐந்தாவது இடத்துக்கு இரண்டு இளைஞர்கள் போட்டி போடுகிறார்கள். அந்த நேரத்தில் ஏஜென்ட் ஒருவர் பொது மேலாளரைக் கூப்பிட்டு, 39 வயது பிட்சர் ஒருவர் ஒரு வருட ஒப்பந்தத்துக்குத் தயார் என்கிறார். ஆளின் பெயரைக் கேட்டாலே டிக்கெட் விற்கும். மேஜர் லீக்கில் ஏறக்குறைய எல்லா அணிகளும் சில வருடங்களுக்கு ஒரு முறை இந்த இடத்தில் வந்து நிற்கின்றன.

ரசிகர்களும் பத்திரிகைகளும் முதலில் கேட்பது, "பழைய மாதிரி போடுவாரா?" என்றுதான். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. தெரிந்தாலும் முடிவெடுக்க அது மட்டும் போதாது. அணி கேட்க வேண்டியவை வேறு. இவரிடமிருந்து எத்தனை இன்னிங்ஸ் எதிர்பார்க்கலாம்? எந்த மாதங்களில்? இவர் போட முடியாத நாளில் யார் போடுவார்? சரிப்படவில்லை என்றால் எந்தத் தேதியில், எவ்வளவு நஷ்டத்தோடு வெளியே வருவது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். மற்ற கணக்குகளெல்லாம் அதை ஒட்டியே வருகின்றன.

இன்னிங்ஸ் கணக்கு

ஒரு சீசனில் 162 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். இப்போதெல்லாம் ஒரு ஸ்டார்ட்டர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குச் சற்று மேல்தான் போடுகிறார். அப்படியானால் ஸ்டார்ட்டர்கள் மட்டுமே ஏறத்தாழ 840 இன்னிங்ஸ் போட்டாக வேண்டும். ஐந்து பேர் ஆளுக்கு 32 ஆட்டம் என்று காகிதத்தில் வகுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் பத்துப் பேராவது ஒரு முறையேனும் ஸ்டார்ட் செய்யாமல் ஒரு அணி செப்டம்பரைத் தொடுவது அரிது. வயதான பிட்சரை எடுத்தால் இந்தக் கணக்கு இன்னும் ஆட்டம் காணும்.

ஜஸ்டின் வெர்லாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல், 41 வயதில், ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்கு 17 ஆட்டங்களில் 90⅓ இன்னிங்ஸ்தான் போட முடிந்தது. தோள்பட்டை, பிறகு கழுத்து என்று பாதி வருடம் போய்விட்டது. இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் விட்ட ரன்களின் சராசரி; குறைவாக இருந்தால் நல்லது) 5.48. அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 1.5 கோடி டாலருக்கு ஒரு வருட ஒப்பந்தம் செய்தது. 29 ஆட்டங்கள், 152 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 3.85. ஒரே ஆள், அடுத்தடுத்த இரண்டு வருடம், வயது மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. மாக்ஸ் ஷெர்ஸர் 2024-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போட்டது 43⅓ இன்னிங்ஸ். 2025-இல் டொராண்டோ புளூ ஜேஸுக்கு 85.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளிது. 38 வயதைத் தாண்டியவருக்குத் திட்டத்தில் 100, 110 இன்னிங்ஸுக்கு மேல் எழுதாதீர்கள். அதற்கு மேல் கிடைத்தால் லாபம். முழு சீசன் ஸ்டார்ட்டர் என்றால் 160 இன்னிங்ஸ் என்று வைத்துக்கொண்டால், துண்டு விழும் 50, 60 இன்னிங்ஸை யார் போடுவது என்பதை இப்போதே பெயர் சொல்லிக் குறித்தாக வேண்டும். அவர்கள் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள ட்ரிபிள்-ஏ அணியில் காத்திருக்கும் ஆறாவது, ஏழாவது ஸ்டார்ட்டர்கள்; மைனர் லீக்குக்கு அனுப்பித் திரும்ப அழைக்கும் 'ஆப்ஷன்' இன்னும் மிச்சம் இருப்பவர்கள். அப்படி இரண்டு பேர் கையில் இல்லாத அணி, வயதான பிட்சரை எடுப்பதற்கு முன்னால் அவர்களைத் தேட வேண்டும். கிழவர் காயப்பட்டதால் சீசன் கெட்டது என்று பேசப்படும் அணிகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அவருக்குப் பின்னால் ஆள் இல்லாததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ரோஸ்டர் (அணிப் பட்டியல்) இடம் இன்னொரு சிக்கல். 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மேஜர் லீக்கில் ஐந்து வருட சர்வீஸ் முடித்தவரை அவர் சம்மதமில்லாமல் மைனருக்கு அனுப்ப முடியாது. ஆகவே 39 வயதுக்காரர் உட்காரும் நாற்காலி அசையாது. அவர் ஒரு வாரம் தடுமாறினாலும், இளைஞனை அனுப்பிவிட்டுப் புது ஆளைக் கூப்பிடுவதுபோல அவரிடம் செய்ய முடியாது. மீதி 12 இடங்களில் எத்தனை அசையக்கூடியவை என்று எண்ணிப் பாருங்கள். புல்பென்னில் (ஸ்டார்ட்டருக்குப் பின் வரும் ரிலீவர்கள்) ஆப்ஷன் தீர்ந்தவர்கள் ஏற்கெனவே நான்கைந்து பேர் இருந்தால், இவர் வந்த பிறகு மேலாளருக்குக் கை கால் ஆட்ட இடமிருக்காது.

எண்களைப் படிக்கும் விதம்

வயதான பிட்சரின் புள்ளிவிவரத்தை இளைஞனுடையதைப் படிப்பதுபோலப் படித்தால் தப்பு வரும். 2009-இல் ஜான் ஸ்மோல்ட்ஸுக்கு நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் ஒரு முறை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்மோல்ட்ஸ் 2008 ஜூனில் தோள்பட்டை அறுவை செய்துகொண்டார். 41 வயது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 55 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளமும் மேலே ஊக்கத்தொகையும் தந்து எடுத்தது. ஜூன் கடைசியில் களம் இறங்கினார். எட்டு ஆட்டங்கள், 40 இன்னிங்ஸ், இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி, இ.ஆர்.ஏ. 8.33. ஆகஸ்டில் விடுவித்துவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கதை முடிந்தது.

இப்போது அந்த 40 இன்னிங்ஸைப் பிரித்துப் பாருங்கள். 33 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), 9 வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்), 8 ஹோம் ரன். ஃபீல்டர்களின் பங்கை ஒதுக்கிவிட்டுப் பிட்சரை மட்டும் அளக்க எஃப்.ஐ.பி. என்றொரு சூத்திரம் உண்டு. ஹோம் ரன்னை 13-ஆலும், வாக்கையும் உடம்பில் பட்ட பந்துகளையும் சேர்த்து 3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்; ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழியுங்கள்; இன்னிங்ஸால் வகுத்து, சுமார் 3.1 சேருங்கள். இங்கே 104 கூட்டல் 27 கழித்தல் 66, ஆக 65. அதை 40-ஆல் வகுத்தால் 1.6. மொத்தம் 4.7. உடம்பில் பட்டவற்றைச் சேர்த்தால் இம்மி கூடும், அவ்வளவுதான். 8.33 எங்கே, 4.7 எங்கே! செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. அங்கே அவர் 38 இன்னிங்ஸ் போட்டார். 40 ஸ்ட்ரைக்அவுட், மறுபடி 9 வாக், இ.ஆர்.ஏ. 4.26. கை அதே கைதான்.

ஆனால் இதை வைத்து எஃப்.ஐ.பி.யைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 27 வயதுக்காரரின் பந்துகளில் பேட்டர்கள் அடிப்பவை ஒரு மாதம் ஃபீல்டர்களின் இடைவெளி பார்த்துப் பார்த்து விழுந்தால் அதை அதிர்ஷ்டம் என்று தள்ளலாம். 40 வயதுக்காரரிடம் அப்படித் தள்ளுவதற்கு முன், பந்து மட்டையில் எவ்வளவு பலமாகப் படுகிறது என்று, பந்தின் வேகத்தை மைதானத்தில் அளக்கும் ஸ்டாட்காஸ்ட் பதிவுகளில் பார்க்க வேண்டும். 2015-லிருந்து எல்லா மைதானங்களிலும் அந்த அளவுகள் கிடைக்கின்றன. மணிக்கு 95 மைலுக்கு மேல் வேகமாகத் திரும்பும் அடிகளின் பங்கு கூடிக்கொண்டே போனால் அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. ஸ்மோல்ட்ஸையும் பாஸ்டனில் இடக்கை பேட்டர்கள்தான் துவைத்து எடுத்தார்கள். வலக்கை, இடக்கை இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்காமல் எந்த வயதான பிட்சரையும் எடை போடாதீர்கள். இடக்கைக்காரரைச் சமாளிக்க வைத்திருந்த சேஞ்ச்அப்போ ஸ்ப்ளிட்டரோ (ஃபாஸ்ட்பால் போலக் கிளம்பி மெதுவாக வரும் பந்துகள்) மங்கிவிட்டால், மீதி எல்லாம் நன்றாக இருந்தாலும் ஸ்டார்ட்டராக ஓட்ட முடியாது. புல்பென்னில் வலக்கை பேட்டர்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம், அவர் சம்மதித்தால்.

வேகத்தைப் பற்றி. வருடச் சராசரி வேகம் என்ற ஒற்றை எண் அவ்வளவாக உதவாது. மாதவாரியாகப் பாருங்கள், ஏப்ரலில் 93.5 ஆக இருந்தது ஆகஸ்டில் 91.8 என்றால் உடம்பு நீண்ட சீசனைத் தாங்கவில்லை. ஆட்டத்துக்குள்ளும் பாருங்கள், முதல் இன்னிங்ஸுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே ஒன்றரை மைலுக்கு மேல் இறங்கினால், மூன்றாவது சுற்று பேட்டர்களிடம் அவரை விடக் கூடாது என்று அர்த்தம். பந்தைக் கைவிடும் உயரம் முந்தைய வருடத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தால் தோளைச் சந்தேகியுங்கள். வலியைத் தவிர்க்கக் கை தானாகவே கீழே இறங்கும். பிட்சருக்கே தெரியாமல்கூட நடக்கும். ஃபாஸ்ட்பாலுக்கும் சேஞ்ச்அப்புக்கும் இடையிலான வேக வித்தியாசமும் முக்கியம். ஃபாஸ்ட்பால் இறங்கி சேஞ்ச்அப் அப்படியே நின்றால் இரண்டும் பேட்டருக்கு ஒரே பந்தாகிவிடும்.

மெதுவாகப் போடுவதே குற்றமில்லை. கிளேட்டன் கெர்ஷா 2025-இல் சராசரியாக 89 மைல் ஃபாஸ்ட்பாலோடு 112⅔ இன்னிங்ஸ் போட்டு, 11 வெற்றி, 2 தோல்வி, இ.ஆர்.ஏ. 3.36 என்று முடித்தார். ஜேமி மோயர் 2012 ஏப்ரலில் 49 வயதில் கொலராடோ ராக்கீஸுக்கு ஓர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். 80 மைலைத் தொடாத பந்துகள். இவர்கள் மூலைக்குப் போடும் துல்லியத்தில் பிழைத்தவர்கள். உயரத்தில் போடும் ஃபாஸ்ட்பாலையே நம்பி வாழ்ந்தவருக்கு இரண்டு மைல் குறைந்தால் விஷயம் வேறு. அவருக்கு இரண்டாவது, மூன்றாவது பந்து உண்டா, அவற்றை இரண்டு பந்து பின்தங்கிய நிலையிலும் ஸ்ட்ரைக்காகப் போடுகிறாரா என்று காணொளியில் உட்கார்ந்து எண்ண வேண்டும். இதற்கு குறுக்கு வழி கிடையாது.

மாடிசன் பம்கார்னரை அரிசோனா டயமண்ட்பேக்ஸ் 2019 டிசம்பரில் ஐந்து வருடம், 8.5 கோடி டாலருக்கு எடுத்தபோது அவருக்கு வயது 30. வயதில் இளைஞர்தான். ஆனால் அந்தக் கை அதற்குள் 1,800-க்கும் மேல் இன்னிங்ஸ் போட்டிருந்தது. வேகம் போனது, 2023 ஏப்ரலில் விடுவித்தார்கள். அப்போதும் சுமார் 3.4 கோடி டாலர் பாக்கி. பிறந்த தேதியைவிடப் போட்ட இன்னிங்ஸைப் பாருங்கள் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் தேவையில்லை.

நோலன் ரயனை ஏலப் பேச்சில் இழுக்கும் ஏஜென்ட்களும் உண்டு. 1988 டிசம்பரில் 41 வயதில் டெக்சாஸோடு கையெழுத்திட்டு, அடுத்த சீசனில் 301 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். 44 வயதில் ஏழாவது நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டம்). அவ்வளவும் உண்மை. நூறு வருடத்துக்கு ஒரு முறை வரும் உடம்பை வைத்து அடுத்தவருக்கு விலை பேசக் கூடாது.

மருத்துவ அறிக்கை

முப்பத்தைந்து தாண்டிய பிட்சரின் எம்.ஆர்.ஐ. சுத்தமாக வராது. தோளில் லேப்ரம் நைந்திருக்கும், ரொட்டேட்டர் கஃபில் சிறு கிழிசல் இருக்கும், முழங்கையில் எலும்புத் துணுக்கு தெரியும். வலியில்லாமல் போட்டுக்கொண்டிருப்பவருக்கே இதெல்லாம் இருக்கும். "கோளாறு இருக்கிறதா?" என்று டாக்டரிடம் கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும், அந்தப் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு என்ன மாறியிருக்கிறது, இந்த நிலையில் எத்தனை மாதம் ஓடும் என்று கேளுங்கள்.

ஹிசாஷி இவாகுமா விஷயம் இதற்கு நல்ல உதாரணம். 2015 டிசம்பரில், 34 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரோடு மூன்று வருடம், 4.5 கோடி டாலர் என்று பேசி முடித்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு பின்வாங்கியது. உடனே அவருடைய பழைய அணி சியாட்டில் மரினர்ஸ் உள்ளே வந்தது. ஒரு வருடம்தான் உறுதி. 162 இன்னிங்ஸ் போட்டால் அடுத்த வருடம் தானாகச் சேரும். 2016-இல் அவர் 33 ஆட்டங்களில் 199 இன்னிங்ஸ் போட்டு 16 ஆட்டம் ஜெயித்தார். டாட்ஜர்ஸைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. 2017-இல் ஆறே ஆட்டங்கள், பிறகு தோள் அறுவை. அதன்பின் மேஜர் லீக்கில் அவர் ஒரு பந்துகூடப் போடவில்லை.

இரண்டு அணிகளுமே அந்த உடம்பைச் சரியாகத்தான் படித்திருக்கின்றன. மூன்று வருடம் தாங்காது என்று ஒன்று கண்டது. ஒரு வருடம் தாங்கும் என்று மற்றது கண்டது. அதே குளிர்காலத்தில் டாட்ஜர்ஸ் கென்டா மயேதாவிடமும் மருத்துவக் குறை கண்டது. அவரை விட்டுவிடவில்லை, எட்டு வருடத்துக்கு 2.5 கோடி டாலர் மட்டும் உறுதி செய்து, மிச்சத்தையெல்லாம் போடும் ஆட்டங்களோடும் இன்னிங்ஸோடும் கட்டியது. மருத்துவ அறிக்கை என்பது எடு, விடு என்று தீர்ப்புச் சொல்லும் காகிதம் இல்லை. எத்தனை வருடம், எவ்வளவு உறுதிப் பணம் என்பதைச் சொல்லும் காகிதம்.

எந்த உறுப்பு என்பதும் பார்க்க வேண்டும். முழங்கை லிகமென்ட்டுக்கு டாமி ஜான் அறுவை செய்தவர்கள் 12 முதல் 18 மாதத்தில் திரும்புகிறார்கள். அந்தப் பெயருக்குரிய டாமி ஜானே 1974-இல் 31 வயதில் அறுவை செய்துகொண்டு, 46 வயதுவரை ஆடி, தன் 288 வெற்றிகளில் 164-ஐ அதற்குப் பிறகு எடுத்தவர். தோள் அறுவை அப்படி இல்லை. அதிலிருந்து பழைய வேகத்தோடு வருபவர்கள் குறைவு. முதுகு, கழுத்து, தொடை, கெண்டைக்கால், கட்டைவிரல் போன்ற சின்னச் சின்ன இடங்கள்தான் நாற்பதில் இன்னிங்ஸைத் தின்கின்றன. 2025-இல் ஷெர்ஸரை மார்ச் கடைசியிலிருந்து ஜூன் கடைசிவரை உட்கார வைத்தது கட்டைவிரல்.

ஒப்பந்தத்துக்கு முன் பந்து போட்டுக் காட்டும் நாள் ஒன்று இருக்கும். 2021 நவம்பரில் வெர்லாண்டர், டாமி ஜான் அறுவைக்குப் பிறகு, ஃப்ளோரிடாவில் பல அணிகளின் ஸ்கவுட்கள் முன்னால் போட்டார். ரேடார் 97 காட்டியது. அடுத்த வருடம் 18 வெற்றி, இ.ஆர்.ஏ. 1.75, 39 வயதில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. இருந்தாலும் அப்படிப்பட்ட நாளில் ரேடாரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஓய்வெடுத்துவிட்டு வந்து 25 பந்தை யாரும் வேகமாகப் போடலாம். 20-ஆவது பந்துக்குப் பிறகு கைவிடும் இடம் மாறுகிறதா, முன்கால் உறுதியாக ஊன்றுகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தோள் எப்படி இருக்கிறது, கேட்ச் ஆட முடிகிறதா என்று விசாரியுங்கள். வயதான கையின் உண்மை இரண்டாம் நாளில்தான் தெரியும்.

காசும் நிபந்தனையும்

பேஸ்பால் ஒப்பந்தத்தில் இ.ஆர்.ஏ., வெற்றி, ஸ்ட்ரைக்அவுட் இவற்றுக்கு ஊக்கத்தொகை தர விதி இடம் கொடுக்காது. ஸ்டார்ட் எண்ணிக்கை, இன்னிங்ஸ், ரோஸ்டரில் இருந்த நாட்கள், விருதுகள் ஆகியவற்றுக்குத் தரலாம். வயதான பிட்சர் விஷயத்தில் இது அணிக்குச் சாதகமே. நம்முடைய பயம் அவர் போடுவாரா மாட்டாரா என்பதுதானே. பணத்தையும் அதிலேயே கட்டலாம். கெர்ஷா 2025-க்கு 75 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளம், மேலே ஸ்டார்ட்களுக்கும் ரோஸ்டர் நாட்களுக்கும் படிப்படியாகத் தொகை என்று கையெழுத்திட்டார்.

படிப்படி என்பதுதான் அங்கே முக்கியம். ஒரே ஒரு எல்லைக்கோட்டில் பெருந்தொகையை வைக்காதீர்கள். வெர்லாண்டர் நியூயார்க் மெட்ஸோடு போட்ட ஒப்பந்தத்தில் 2024-இல் 140 இன்னிங்ஸ் போட்டால் 2025-க்கு 3.5 கோடி டாலர் என்றொரு பிரிவு இருந்தது. காயத்தால் அவர் அதை நெருங்கவே இல்லை, பிரச்சினை எழவில்லை. 136 இன்னிங்ஸோடு செப்டம்பர் கடைசி வாரம் வந்து, தடுமாறும் அவரை உட்கார வைக்க வேண்டிய நிலை வந்திருந்தால் என்ன ஆகும்? ஆட்டக் காரணத்துக்காக எடுத்த முடிவைக்கூடக் காசுக்காக எடுத்தது என்று வீரர்கள் சங்கம் வழக்காக எடுத்துக்கொண்டு போகும், டிரெஸ்ஸிங் ரூமும் அப்படித்தான் நம்பும். 90, 110, 130, 150 என்று நான்கு படியாக வைத்தால் எந்தப் படியும் யாரையும் கசக்காது.

சம்பள வரியை (அணியின் மொத்தச் சம்பளம் லீக் வைத்த வரம்பைத் தாண்டினால் அணி கட்டுவது) மறக்கும் ரசிகர்கள் உண்டு. அணிக்கு மறக்க வழியில்லை. 2026-க்கு வரம்பு 24.4 கோடி டாலர். சம்பாதித்த ஊக்கத்தொகை அந்த வருடத்துக் கணக்கிலேயே சேரும். ஆகவே வரம்புக்கு 60 லட்சம் கீழே நிற்கும் அணி, அடிப்படை 50 லட்சம்தானே என்று எடுத்துவிட்டு, அவர் நன்றாகப் போட்டதாலேயே ஆகஸ்டில் வரம்பைத் தாண்டலாம். உச்சத் தொகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மூன்றாவது வருடமாகத் தொடர்ந்து வரம்பைத் தாண்டி, அதுவும் 6 கோடிக்கு மேல் தாண்டிய அணிக்கு வரி 110 சதவீதம். அந்த அணிக்கு 1.5 கோடி டாலர் பிட்சர் உண்மையில் 3.15 கோடி.

ஒரு சாதகமும் உண்டு. குவாலிஃபையிங் ஆஃபர் (பழைய அணி நீட்டும் ஒரு வருட ஒப்பந்தம்; அதை மறுத்தவரை எடுக்கும் புது அணி இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வாய்ப்பை இழக்கும்) ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் தர முடியும். வயதானவர்கள் பெரும்பாலும் அதை எப்போதோ வாங்கி முடித்திருப்பார்கள். அவர்களை எடுப்பதால் டிராஃப்ட் வாய்ப்பு எதையும் இழக்க வேண்டாம். இதே தரத்தில் 30 வயது பிட்சரோடு ஒப்பிடும்போது இதையும் தட்டில் வையுங்கள்.

வருடம் எத்தனை என்ற கேள்விக்கு எங்கள் கருத்தில் தயக்கமே இல்லை. இரண்டு வருடத்துக்கு 2.2 கோடியைவிட ஒரு வருடத்துக்கு 1.6 கோடி மேல். மெட்ஸ் ஷெர்ஸருக்கு மூன்று வருடத்துக்கு 13 கோடி டாலர் தந்தது. முதல் வருடம் 145⅓ இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.29, கொடுத்த காசுக்கு மேல். இரண்டாம் வருடம் பாதியில் டெக்சாஸுக்கு அனுப்பி, பாக்கிச் சம்பளத்தின் பெரும் பங்கையும் மெட்ஸே ஏற்றது. மூன்றாம் வருடம் அந்த 43⅓ இன்னிங்ஸ். ஜேகப் டிகிராமின் ஐந்து வருட ஒப்பந்தத்தை எதிர்வாதமாகச் சொல்வார்கள்: முதல் இரண்டு வருடத்தில் மொத்தம் ஒன்பது ஆட்டம், மூன்றாவது வருடம் 30 ஆட்டங்களில் 172⅔ இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 2.97. வருடத்துக்கு 3.7 கோடி கொடுத்து இரண்டு வருடம் காத்திருக்கத் தெம்புள்ள உரிமையாளர்கள் எத்தனை பேர்?

எடுத்த பிறகு

பிப்ரவரி நடுவில் பிட்சர்கள் முகாமுக்கு வரும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுவதில் ஒரு உபயோகம் இருக்கிறது. அப்போதுதான் 60 நாள் காயப் பட்டியல் திறக்கும். நீண்ட நாள் ஆட முடியாத ஒருவரை அதில் போட்டால் 40 பேர் பட்டியலில் இடம் காலியாகும், யாரையும் இழக்காமல் இவரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் கெடுதல். ஸ்டார்ட்டர் தயாராக ஏறத்தாழ ஆறு வாரம் வேண்டும். மார்ச் நடுவில் கையெழுத்திட்டவர் ஏப்ரல் கடைசிக்கு முன் ஐந்து இன்னிங்ஸ் போட மாட்டார். அவசரப்படுத்தினால் தொடையோ தோளோ பிடித்துக்கொள்ளும்.

சீசனில் அவரை ஐந்தாம் நாள் தோறும் அனுப்பாமல் ஆறாம் நாள் அனுப்பப் பாருங்கள். அட்டவணையில் ஓய்வு நாள் வரும்போதெல்லாம் மற்றவர்களை முன்னால் இழுத்து இவரைப் பின்னால் தள்ளலாம். பந்து எண்ணிக்கை 85, 90-இல் நிற்கட்டும். அதன் விலை புல்பென் தலையில் விழும்: 2025 வெர்லாண்டரே ஆட்டத்துக்கு ஐந்தேகால் இன்னிங்ஸ்தான் போட்டார். மீதி நான்கை யாரோ போட வேண்டும். ஆகவே இவர் போடும் நாளுக்கு முந்தைய நாள் நீண்ட நேரம் தாங்கும் ஸ்டார்ட்டர் வரும்படி வரிசையை அமையுங்கள். குட்டை ஸ்டார்ட்டர் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தால் மே மாதத்திலேயே ரிலீவர்களின் கை செத்துவிடும்.

பொறுமைக்கும் அளவு வைக்க வேண்டும். 2025-இல் வெர்லாண்டர் ஜூலை 23 வரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை; இரண்டாம் பாதியில் அணியின் நம்பகமான ஸ்டார்ட்டர்களில் ஒருவராகிவிட்டார். ஷெர்ஸர் சீசன் முழுதும் 5.19, ப்ளே-ஆஃபின் முதல் தொடரில் அவரைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அடுத்த தொடரில் சியாட்டிலுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில் 5⅔ இன்னிங்ஸ் போட்டு ஜெயித்தார், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தையும் 41 வயதில் அவர்தான் தொடங்கினார். அக்டோபரை எட்டும் வாய்ப்புள்ள அணிக்கு இதன் மதிப்பு 85 இன்னிங்ஸில் அடங்காது. 70 ஆட்டம் மட்டும் ஜெயிக்கப் போகும் அணிக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே அந்த இன்னிங்ஸ் இளைஞர்களுக்குப் போக வேண்டும்.

ஆகவே எப்போது விடுவது என்பதற்கு வெற்றி தோல்வியை அளவுகோலாக வைக்காதீர்கள். பிப்ரவரியிலேயே மூன்று அளவுகளை எழுதி வையுங்கள்: ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தால் எட்டுக்குக் கீழ், ஃபாஸ்ட்பால் போன வருடத்தைவிட ஒன்றரை மைல் குறைவு, பலமான அடிகளின் பங்கு தொடர்ந்து ஏறுவது. எட்டு ஆட்டங்களில் மூன்றும் சேர்ந்து வந்தால் விடுங்கள். ஒன்று மட்டும் வந்தால் இன்னும் நான்கு ஆட்டம் கொடுங்கள். இரண்டு வந்தால் முதலில் ஒரு ஸ்டார்ட்டைத் தள்ளிவைத்து, பிட்சிங் கோச்சோடு உட்கார்ந்து கைவிடும் இடத்தைப் பாருங்கள்.

விடுவது என்று முடிவானால் ரோஸ்டரிலிருந்து நீக்கிய ஏழு நாளுக்குள் டிரேடோ விடுவிப்போ நடந்தாக வேண்டும். சம்பள பாக்கி முழுதும் உங்கள் தலையில்தான். புது அணி எடுத்தால் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்தில் மிச்ச நாட்களுக்குரிய பங்கு மட்டும் அதிலிருந்து கழியும். கார்டினல்ஸுக்கு ஸ்மோல்ட்ஸ் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது இப்படித்தான். இதையே திருப்பிப் போட்டால், ஜனவரியில் 1.5 கோடி கொடுக்க மனமில்லாத அணிக்கும் ஒரு வழி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் விடுவிக்கப்படும் வயதான பிட்சர்களின் பட்டியலை வாரா வாரம் எடுத்து, இ.ஆர்.ஏ.யைப் பார்க்காமல் ஸ்ட்ரைக்அவுட், வாக் இரண்டையும் மட்டும் பாருங்கள். பொருத்தமான ஆள் தெரிந்தால் ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்கு முன் அவர் உங்கள் அமைப்பில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவரை ப்ளே-ஆஃபில் இறக்க முடியாது.